புருசன் பேர் என்ன?

"வாய்க்குள்ளை கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ? ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ரை விலா எலும்பு முறிஞ்சிருக்குமே?"

ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் அப்புக்காத்து லியோனின் வீட்டு விறாந்தை. ஐயாத்துரை கத்திய கத்தலில் தெருவால் போன சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனான். மனைவி மீனலோசனி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி கதிரை நுனியில் இருந்தாள்.

"கத்தாதையும் ஐயாத்துரை. இது வழக்குக் கோடு இல்லை, என்ரை வீடு" என்றார் லியோன். "நடந்ததைச் சொல்லும்."

நடந்தது இதுதான். ஆட்களை வள்ளத்தில் இந்தியாவுக்கு ஏற்றிவிடும் முருகேசு என்பவனைத் தேடிக்கொண்டு பொலிஸ் இவர்களின் தீவு ஊரான இறுப்பிட்டிக்கு வந்தது. வந்தவர்கள் படலையைத் தள்ளித் திறந்தது ஐயாத்துரை வீட்டில்.

நான் அவனில்லை என்றார் ஐயாத்துரை. அடையாள அட்டை எங்கே என்றார்கள். அது எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், பதுளையில் அவருடைய கடையோடு சேர்ந்து எரிந்துபோயிருந்தது. அதையும் அவர் கடைத்தெருவில் படித்த சுத்தமான சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். வினை அங்கேதான் பிறந்தது. இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிற தீவுக்காரன் சும்மா ஆளாக இருக்கமாட்டான் என்று சார்ஜன் முடிவுகட்டிவிட்டான்.

ஆனாலும் ஒரு மரியாதைக்கு மீனலோசனியின் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில் கேட்டான்: "புருசன் பேர் என்ன?"

கட்டியவன் பெயரை வாயால் சொல்லும் பெண் அந்த ஊரில் இல்லை. கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்லுவிப்பார்கள். மீனலோசனி குனிந்த தலை நிமிரவில்லை. ஐயாத்துரையைப் பிடரியில் அடித்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

உள்ளே இருந்தவரை முருகேசு என்று கூப்பிட்டே அடித்தார்கள். கடைசியில் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் அவர் பழகிவிட்டார்.

"உண்மையான முருகேசு பிடிபட்ட பிறகுதான் விட்டவங்கள் ஐயா. விட்டும் விடேல்லை. கிழமைக்கு ஒருக்கால் ஸ்ரேசனிலை போய்க் கையெழுத்து வைக்கவேணுமாம். தீவுப் பகுதியை விட்டு வெளிக்கிடப்படாதாம்."

"பிழை விட்டம் எண்டு ஒத்துக்கொள்ள மனமில்லாட்டி அப்பிடித்தான் செய்வாங்கள்."

"நான் பதுளைக்குப் போகவேணும். கடையைத் திருப்பி எழுப்பவேணும்."

எரிபட்டு ஓடிவந்த யாவாரிகள் ஒருவரும் இப்போது தெற்குப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. ஐயாத்துரை மட்டும், பொலிஸ் வந்த அன்று காலையிலேயே பெட்டி அடுக்கி வைத்திருந்தார். அடியில் பனங்கட்டியும் காய்ந்த ஒடியல் கிழங்கும். மேலே சின்னஞ்சிறு வெள்ளிச் சலங்கை ஒரு சோடி. பக்கத்துக் கடை முதலாளியின் பேத்திக்காம்.

"உமக்குச் சட்டத்திலை இடமிருக்கு" என்றார் லியோன். "காரணம் சொல்லாமல் பிடிச்சது, பிடிச்சு அடிச்சது, ரெண்டும் அடிப்படை உரிமை மீறல். ஆனால் ஒரு மாதத்துக்குள்ளை கொழும்பிலை உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போகவேணும். இந்தக் கிழமை தாண்டினால் கதவு பூட்டு."

"நட்டஈடு எவ்வளவு தேறும் ஐயா?"

"அடி வாங்கியும் யாவாரப் புத்தி போகேல்லை உமக்கு! முதலிலை பிழையெண்டு தீர்ப்பு வரட்டும். வந்தால் கையெழுத்தும் இல்லை, காவலும் இல்லை. பதுளைக்கென்ன, காலிக்கும் போம்."

மீனலோசனி அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தாள். "வழக்குப் போடாட்டி?"

"போடாட்டி இவர் தீவுக்குள்ளையே இருந்து நண்டு பிடிக்கவேண்டியதுதான்."

"பாத்தியளே ஐயா, இப்ப மட்டும் வாய் வருது!" என்று ஐயாத்துரை பல்லைக் கடித்தார். "அண்டைக்கு ஊமை!"

"மனிசியைப் பேசாதையும். அவ பேசாமல் நிண்டதுதான் உம்மடை வழக்குக்கு உயிர். ஒரு பொம்பிளை ஊர் முறைக்காக வாயை மூடிக்கொண்டு நிண்டதை அத்தாட்சியாக வைச்சு ஆளைத் தூக்க எந்தச் சட்டமும் விடாது. என்ரை மனிசி எண்டால் என்ரை பேரைச் சொல்லித்தான் ஏச்சையே துவங்குவா. அவவை வைச்சு இந்த வழக்குப் பேச ஏலாது."

அங்கேயே இருந்து சத்தியக்கடதாசியை எழுதி மீனலோசனிக்கு வாசித்துக் காட்டினார். "'எமது ஊர் வழமைப்படி கணவரின் பெயரை உச்சரியாமலும், வேறு எதுவும் பேசாமலும் நின்றேன்.' சரிதானே தங்கச்சி? சமாதான நீதவானுக்கு முன்னாலை சத்தியம் பண்ணி ஒப்பம் வைச்சால் அலுவல் முடிஞ்சுது."

"பொய்ச் சத்தியம் பண்ண ஏலாது ஐயா."

"என்னடி பொய்?" ஐயாத்துரை கதிரையை விட்டு எழும்பினார்.

அவள் தலை நிமிர்ந்து புருசனை நேரே பார்த்தாள். "பதுளையிலை வைச்சிருக்கிறவளுக்குப் பிள்ளை பிறந்தது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

ஐயாத்துரை எழும்பின கதிரையிலேயே திரும்ப இருந்தார்.

"தங்கச்சி, அது உங்கடை குடும்பக் கதை" என்று லியோன் இடையில் புகுந்தார். "இந்தக் கடதாசியிலை என்ன பிழை? அதைச் சொல்லும்."

"இவரை ஜீப்பிலை ஏத்தினாப் பிறகு அந்தச் சார்ஜன் திரும்ப வீட்டு முற்றத்துக்கு வந்தவன் ஐயா. 'முருகேசு இவன்தானே?' எண்டு என்னைக் கேட்டவன்."

"நீர் பேசாமல்தானே நிண்டனீர்?"

"ஓம் எண்டனான்."