வெறுங்கையன்

நான் வந்து நின்றதுகூடத் தெரியாமல் என் தம்பி பெண்டாட்டி கம்ப்யூட்டரில் செத்துக்கொண்டிருந்தாள்.

காலை பத்தரை மணி. தம்பி கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரி போயிருக்கிறான். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வாசல் வரைக்கும் வருகிறது. இவளோ காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோபம் வராதா பின்னே? இவளைத் தேடிப் பிடித்துத் தம்பிக்குக் கட்டிவைத்தவளே நான்தான். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சை ஹாலில் இப்படி நின்றே பிட் பிடிக்கிற டீச்சர் நான்.

திரையில் இருட்டுப் பாதாளம். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு போர்வீரன், எதிரே ஒரு எலி. வீரன் கவசத்தைக் கழற்றினான். வாளைக் கீழே போட்டான். எலி கடித்தது. சும்மா நின்றான். மறுபடியும் கடித்தது. அப்போதும் சும்மா நின்றான். செத்தான்.

"வெளையாடறதுதான் வெளையாடற, அதையாவது உருப்படியா வெளையாடக் கூடாதா?"

தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். "அண்ணி! எப்ப வந்தீங்க?"

"பால் தீயும்போதே வந்துட்டேன். அவன் அங்க வலியில துடிச்சிட்டிருக்கான், நீ இங்க எலிகிட்ட கடி வாங்கிட்டிருக்க. இருபதாம் தேதி கம்பெனி டாக்டர் கையைப் பார்க்கப் போறாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

இருக்காம்! என் தம்பி கிரேன் ஓட்டுகிறவன். நாலு மாதத்துக்கு முன்னால் இரும்பு வடத்தில் சிக்கி வலது கை நசுங்கிவிட்டது. விரல்கள் ஒழுங்காக மடங்கினால் மறுபடி கிரேன். இல்லாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"தினம் நூறு தடவை பந்தைப் பிசையச் சொன்னாங்களே, பிசையறானா?"

"அதைத் தூக்கி எறிஞ்சுட்டார். இந்த கேமுக்குத்தான் விரலையே மடக்கறார். மவுஸை வலது கையாலதான் பிடிக்கணும்னு ஒரு பிடிவாதம். ஆஸ்பத்திரியில கேட்டேன், 'எப்படியோ விரல் அசையுதுல்ல, விடாதீங்க'ன்னாங்க."

"அவன் வெளையாடட்டும். நீ எதுக்கு? வேலை வெட்டி இல்லையா உனக்கு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஆரம்பத்துல ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கணும் அண்ணி. போர்வீரன், மந்திரவாதின்னு நிறைய இருக்காங்க. இவர் வெறுங்கையனைத்தான் எடுப்பார். அவன்கிட்ட வாள் கிடையாது, கவசம் கிடையாது, ஒரு சொட்டு மருந்துகூடக் கிடையாது. இருக்கறதுலயே கஷ்டமான ஆள்."

"வீரனை எடுத்துத் தொலைய வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'என் கையில என்ன இருக்கு? எனக்கு இவன்தான் பொருத்தம்'னுட்டார். முதல் தளத்துலயே எலி கடிச்சுச் செத்துடுவார். ஒரு நாப்பது தடவை இருக்கும். 'எனக்கு இதுகூட முடியல'ன்னு ஒருநாள் எழுந்து போனவர் நாலு நாள் கம்ப்யூட்டர் பக்கமே வரல. விரலெல்லாம் பழையபடி விறைச்சுப்போச்சு."

நேற்று அவன் போனில் குதித்தது ஞாபகம் வந்தது. 'நாலாவது தளம்க்கா! வெறுங்கையோட எறங்கி, படிக்கட்டுப் பக்கத்துல வாள் கண்டெடுத்து...' நாலு மாதத்தில் நேற்றுத்தான் சிரித்தான்.

"சரி, அவன் ஜெயிக்கறான். நீ சாகறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இதுல ஒருத்தன் செத்தா, அவன் சாமானெல்லாம் அந்த எடத்துலயே கெடக்கும் அண்ணி. அடுத்து இதே கம்ப்யூட்டர்ல வெளையாடறவங்க எடுத்துக்கலாம். அதான், அவர் வர்றதுக்குள்ள நான் வீரனாப் போயி..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தொடவே மாட்டார். தானா கெடைக்குதுன்னு நெனச்சிட்டிருக்கார். சொல்லிடாதீங்க அண்ணி."

பன்னிரண்டு மணிக்குத் தம்பி வந்தான். "வாக்கா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் ஒரே கூச்சல்.

"அக்கா, ஓடி வா! இன்னிக்கு வாளோட கவசமும் கெடச்சிருக்கு!"

நான் எங்கே வாளைப் பார்த்தேன்? மவுஸைப் பிடித்திருந்த விரல்களைத்தான் பார்த்தேன். ஐந்தும் மடங்கியிருந்தன.

"ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சவன்க்கா நான். யார் தயவும் கெடையாது. எல்லாம் இந்தக் கை!"

அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பிட்டைக் கண்ணால் பார்த்தும் வாயை மூடிக்கொண்டேன். "ஆமாடா" என்றேன்.

மறுநாள் ஸ்கூலுக்கு லீவு சொல்லிவிட்டு, பத்தரைக்கெல்லாம் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"எழுந்து போய்ப் பாலைப் பாரு. இன்னிக்கு நான் சாகறேன்."