சொல்லாத பெயர்

நந்தாதேவி சிகரம் தெரியும் எதிரொலி முனையில் டீ விற்கும் ஹன்சாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயணிகளையும் பனிச்சிகரத்தையும் சேர்த்துப் படம்பிடிக்க, அவள் புருஷன் திரிலோக் மறுபடியும் தடுப்புக் கம்பியைத் தாண்டி, பக்கவாட்டில் நீட்டியிருந்த ஓரப் பாறையில் நின்றான்.

“தீபு அப்பா! இந்தப் பக்கம் வந்து தொலைங்க. விழுந்தா அழக்கூட மாட்டேன்!”

“அப்பவாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடுடி.”

கல்யாணமானதிலிருந்து புருஷன் பெயரை அவள் சொன்னதே இல்லை.

பயணிகள் பள்ளத்தாக்கைப் பார்த்து ஊளையிட்டார்கள். அதுவும் திருப்பி ஊளையிட்டது.

“வாயை மூடுங்கடா, சனியன்களா!” என்று ஹன்சா கத்தினாள்.

எல்லோரும் அடங்கினார்கள். அந்தக் கத்தலுக்கு மட்டும் எதிரொலி வரவில்லை. ஹன்சா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது பள்ளத்தாக்கின் அடியிலிருந்து அவளுடைய குரல் அலறியது: “திரிலோக்!”

“கூப்பிட்டுட்டியே!” என்று சிரித்தபடி அவன் பள்ளத்தின் பக்கம் திரும்பினான். பாறையில் கால் வழுக்கியது.