வெள்ளிக்கிழமைக்கு ஒரு வீரன்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவன் செத்துப்போனான். சுகன்யா அழவில்லை. வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து புருஷன் போன் செய்வானே, அவனிடம் என்ன சொல்வது என்ற பயம்தான் முதலில் வந்தது.

செத்தவன் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு வீரன். ஆள் உயரத்துக்கு ஒரு வாள் வைத்திருப்பான். எதிரில் நிற்பவர்களைப் பனியில் உறைய வைத்து வெட்டுவான். அந்த விளையாட்டில் ஒருமுறை செத்தால் செத்ததுதான், திரும்ப எழுப்ப வழி கிடையாது.

பூவரசன் அவளுக்குத் தாலி கட்டியது 2004-ல், லீவில் வந்திருந்தபோது. சேர்ந்திருந்தது முப்பத்தெட்டு நாள். அதில் பாதி, சொந்தக்காரர் வீடுகளில் விருந்துச் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தே கழிந்தது.

பிறகு அவன் துபாய்க்குப் போய்விட்டான். இவள் உடையார்பாளையத்தில் மாமியாரோடு இருந்தாள். மாமியார் கமலவேணி காலையில் முந்திரிக்காட்டுக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் சுகன்யாவுக்குத் தன் குரலே மறந்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வரும்.

“சாப்டியா?”

“சாப்டேன். நீங்க?”

“சாப்டேன். அம்மா?”

“சாப்டாங்க.”

எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் பேச ஒன்றும் இருக்காது. ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

அடுத்த வருஷம் அவன் கார்கோவில் பெட்டி அனுப்பினான். கம்பளி, பால் பவுடர், தைலம், கூடவே ஒரு கம்ப்யூட்டர். அவள் ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள். வந்த கம்ப்யூட்டர் பழையதுதான், கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன. அவன் விரல் பட்டுத் தேய்ந்தவை என்று அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குள்தான் அந்த வீரன் பாதி விளையாட்டில் நின்றிருந்தான்.

“ஏங்க, கம்ப்யூட்டர்ல வாளோட ஒருத்தன் நிக்கிறானே, நீங்க விளையாடுனதா?”

கல்யாணமாகி அவளாக அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். லைனில் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அவன் ரூமில் யாரோ மலையாளத்தில் பேசுவது மட்டும் லேசாகக் கேட்டது.

“ஆமா, நான்தான். நீ அவன வளத்துட்டு வா. சாவ மட்டும் வுட்டுறாத.”

அடுத்த வெள்ளி அவள் கேள்வியோடு காத்திருந்தாள். “பெரிய வாளு ஒண்ணு கெடச்சுதுங்க. ஆனா தூக்க முடியல.”

மறுபடி அதே மௌனம், அதே மலையாளம். பிறகு பதில் வந்தது. “ஜெயிச்சா வர்ற புள்ளியெல்லாம் அவன் பலத்துக்குப் போடு. அந்த வாளு மெதுவாத்தான் விழும். எதிரிய மொதல்ல ஒறைய வச்சிரு, அப்புறம் அடி.”

அப்படித்தான் வளர்த்தாள். ஐஸ் வண்டியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைப் பார்த்திராதவள், உடையார்பாளையத்து வெயிலில் உட்கார்ந்து ஒரு பனி வீரனை உருவாக்கினாள். வீரனில் ஆரம்பிக்கும் பேச்சு அவன் வேலை பார்க்கும் கட்டட சைட் வெயிலுக்கும் இவளுடைய தலைவலிக்கும் போய் அரைமணி நேரம் ஓடியது. வாரத்தில் அவள் வாழ்ந்தது அந்த அரைமணி நேரம்தான்.

அப்படிப்பட்டவனைத்தான் சாகவிட்டாள். மிச்சப் புள்ளிகளில் நெருப்பைத் தாங்கும் சக்திக்கு ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் உறைய வைக்கும் குளிருக்கே போட்டுவிட்டு, நெருப்புக் கக்கும் பூதத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அவள் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“நம்ம ஆளு எப்புடி இருக்கான்?”

“நல்லாருக்கான். நாப்பத்திரண்டாவது லெவலு.”

பொய் தானாக வந்துவிட்டது. அடுத்த வாரம் நாற்பத்து மூன்று என்றாள். செத்தவன் வாரம் தவறாமல் வளர்ந்து நாற்பத்தைந்துக்கு வந்தபோது, பூவரசனே லீவில் வந்து இறங்கினான்.

சொந்தபந்தமெல்லாம் வந்து, ஆளுக்கொரு சென்ட் பாட்டிலோடு கலைந்தது. கமலவேணி கோழி வாங்கக் கிளம்பினார். இரண்டு வருஷம் போனில் பேசியவர்கள் நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் மறுபடி ஊமையானார்கள்.

அவன்தான் தொடங்கினான். “எங்க, நம்ம ஆளக் காட்டு.”

அவள் கம்ப்யூட்டரைப் போடவில்லை. இதோடு பேச்சே நின்றுபோகும், இனி ‘சாப்டியா’வுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று தோன்றியது.

“அவன் செத்து ஒரு மாசம் ஆச்சுங்க. சொன்னா நீங்க எங்கிட்ட பேச மாட்டீங்களோன்னு பொய் சொல்லிட்டேன். நீங்க ஆசையா வளத்த ஆளு...” அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதாள்.

பூவரசன் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

“அழாத. புதுசா ஒருத்தன வளத்துக்கலாம். ரெண்டு மாசம் இங்கதான இருக்கப்போறேன்.”

சொல்லிவிட்டு மவுஸைக் கையில் எடுத்தான். அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தான். வெட்கத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“இத எப்புடிப் புடிக்கணும், சுகன்யா?”