நூற்றுப் பதினெட்டு

சாப்பாட்டு மேசையில் காலை வெயில் விழுகிறது. சர்க்கரை பார்க்கும் கருவி என் கணவருக்கு நூற்றுப் பதினெட்டு காட்டுகிறது. எனக்கு இருநூற்று நாற்பது. மூன்று மாதமாகச் சோற்றைக் குறைத்து நடையாய் நடப்பவள் நான். நடக்கக் கிளம்பி, தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருபவர் அவர். "எல்லாம் உடம்பு வாகுதான்," என்கிறார், மீசையைத் தடவியபடி. என் வெறும் வயிறு பற்றி எரிகிறது. சற்றுமுன் மகளுக்கு நான் பழம் நறுக்கிய கத்தி பக்கத்தில் கிடக்கிறது. அதன் பிடியில் எறும்பு ஊர்கிறது. சட்டென்று என் விரலைத் தொட்டுப் பார்க்கிறேன். பழச்சாறு பிசுபிசுக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்துகிறேன். நூற்றுப் பத்து. "இப்ப பாருங்க!" கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை பார்க்கிறார். "இரு, எனக்கும் இன்னொரு தடவை குத்து," என்று எழுந்து போகிறார். குழாயடியில் சோப்பு நுரை அவர் முழங்கை வரை ஏறுகிறது.