எண்பத்து நான்காம் பக்கம்

வலது தோளைத் தூக்கினால் எலும்புக்குள் ஊசி இறங்கியது. நேற்று வெங்காயப் பேட்டையில் நாற்பது மூட்டை இறக்கியிருந்தேன். ஆய்வு உதவித்தொகை நின்று பதினோரு மாதம்.

அந்தக் கையில்தான் இப்போது சாக்பீஸ்.

கல்லூரிக் கருத்தரங்கு அறையில் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டின் எண்பத்து நான்காம் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். விரல் நகரவில்லை.

“தம்பி, ஆய்வேடு முழுக்க டிராக் ஆபரேட்டரைச் சார்புக்கு இடது பக்கம் நிறுத்தியிருக்கீங்க. இந்த ஒரு லெம்மாவுல மட்டும் வலது பக்கம் நிக்குது. ஏன்?”

எனக்குத் தெரியவில்லை.

டிராக் ஆபரேட்டர் ஒரு கணிதச் செயலி. அது மேலே பட்டு ஒரு சார்பு பூஜ்யமானால் அதற்கு மோனோஜெனிக் சார்பு என்று பெயர். இடமிருந்து பட்டுப் பூஜ்யமாவது வலமிருந்து பட்டாலும் ஆகவேண்டும் என்றில்லை. கிளிஃபோர்ட் இயற்கணிதத்தில் முன்பின் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும். மூட்டையைத் தூக்கிவிட்டுத் திரும்பலாம். திரும்பிக்கொண்டே தூக்கினால் இடுப்பு போய்விடும்.

லெம்மா என்கிற அந்தத் துணைத்தேற்றம் விழுந்தால் அதன்மேல் நிற்கும் நான்காம் அத்தியாயம் விழும். அது விழுந்தால் பட்டம் இல்லை. மறுபடி பேட்டைதான்.

“ஏலே பரணி, வாயத் தொற. வெளிய பிரியாணி ஆறுது” என்று பல்லைக் கடித்தார் வழிகாட்டி ஜெரோம் சார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது ஆய்வாளன் பொறுப்பு. அண்டா இறக்கியாகிவிட்டது.

நான் கரும்பலகையைப் பார்த்து நின்றேன்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

சௌந்தர்யா எழுந்து நின்றாள். ஜெரோம் சாரிடம் என்னோடு சேர்ந்து ஆய்வு செய்தவள். மூன்றாம் வருடம் பாதியில் விட்டுவிட்டு நூற்பாலை அலுவலகத்துக்கு வேலைக்குப் போனாள். நான் அவளை அழைக்கவில்லை. ஆனால் இது பொதுவில் நடக்கும் தேர்வு. யாரும் வரலாம், யாரும் கேட்கலாம்.



“ஒரு சந்தேகம் சார். பெருக்குற வரிசையப் பின்னால இருந்து முன்னாலயா திருப்பி எழுதினா, வலது பக்கத்துக் கணக்கு அப்படியே இடது பக்கத்துக் கணக்கா மாறிரும்ல? பரணி அதத்தான வச்சிருக்காரு?”

கேள்வி மாதிரிதான் கேட்டாள். அது விடை.

மூன்று வரி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் தோள் அலறியது. தேர்வாளர் சரிபார்த்தார், தலையாட்டினார், ஆய்வேட்டை மூடினார். கை தட்டினார்கள்.

வெளியே ஓடினேன். சௌந்தர்யா வாசல் வரை போய்விட்டாள்.

“செத்த நேரம் இரு. சாப்பிட்டுப் போ.”

“ரெண்டு மணிக்கு மில்லுல கைரேகை வைக்கணும்.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “நான் எப்பவுமே வலது பக்கந்தான எழுதுவேன்? இடது பக்கத்துக்கு மாத்தியாச்சும் எழுதியிருக்கலாம்ல பரணி. என் நோட்டுல இருந்து அப்படியேவா எறக்குவ?”

பதிலுக்குக் காத்திராமல் பேருந்தைப் பிடிக்கப் போனாள்.

என் நன்றியுரையில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர்கூட இருக்கிறார்.

சௌந்தர்யாவின் பெயரை அதில் நான் இன்னும் எழுதவில்லை.