தட்டிப் பார்க்கும் கை

அந்தமானில், பத்துபஸ்தி வீட்டில், பழைய போராட்டக் கதைகளைப் பதிவு செய்ய வந்த அகிலா ரெக்கார்டரை வைத்தாள். பழைய ரயில்வே சங்கத் தலைவர், தமிழ்நாட்டில் முன்னாள் எம்.எல்.ஏ., இன்றைய சமாதானக் கமிட்டித் தலைவர் சிவஞானம் பேசினார்.

“மெயின்லேண்ட்ல, எழுபத்திநாலாம் வருஷ ரயில்வே ஸ்ட்ரைக். வாபஸ் வாங்கலாம்னேன். அன்னைக்கே ஒருத்தன் என் தலையில சாக்கை மாட்டி, சுத்தியலால முட்டியை உடைச்சான். அப்புறம் அதே முட்டியில மெதுவா ஒரு தட்டு தட்டி, சத்தம் கேட்டான். கேட்டுட்டு, அடுத்த முட்டியையும் உடைச்சான்.”

“யாரு சார் அது?”

“நம்ம சங்கத்து ஆளுதான். ரயில் சக்கரத்துல விரிசல் இருக்கான்னு தட்டித் தட்டிக் கேக்கிற வேலைக்காரன்.”

“பேரு?”

கமிட்டிச் செயலாளர் ஜெயமணி டீ கொண்டுவந்தார். ஒவ்வொரு கிளாஸையும் நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, அதன்பிறகே ஊற்றினார்.

நாற்பது வருடமாகத் தன் சக்கர நாற்காலியைத் தள்ளும் அந்தக் கையைச் சிவஞானம் பார்த்தார்.

“தெரியலம்மா. ரெக்கார்டிங்கை பந்த் பண்ணு, போதும்.”