பழைய சிப்

தீப்பெட்டி ஆலை விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து பேச்சியம்மாளின் நினைவு, அரசு இலவசமாக வைத்துவிட்ட சிப்பில்தான் ஓடியது. மகள் முத்தரசியின் டிகிரி ரிசல்ட்டுக்கு முந்தின வாரம் அரசு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டது. புதுக் கம்பெனியின் மெஷின் பழைய சிப்பைப் படிக்கும். அதில் புதிதாக எதையும் எழுதாது. இரண்டு வருடமாக இதே கதி.

“ஃபார்மட் பண்ணிட்டா எழுதும் மேடம்,” என்றான் சர்வீஸ் ஆள்.

“பண்ணுனா எங்கம்மா இருப்பாங்களா?”

“சிப் நல்லா இருக்கும்.”

“மொதல்ல உங்கம்மாவுக்குப் பண்ணுடா!” என்று அவனை விரட்டினாள் முத்தரசி.

“ரிசல்ட் வந்துருச்சா புள்ள?” அம்மா கேட்டாள்.

“பாஸாயிட்டேம்மா. வேலைக்கும் போறேன்.”

“ஆத்தி! தெருவுக்கே சொல்லிட்டு வாரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை ஓடிய அம்மா, அங்கேயே நின்று திரும்பினாள்.

“எங்கிட்டுக் கெளம்புனேன்? ஆமா, ரிசல்ட் வந்துருச்சா புள்ள?”